கூடுதலாக வாங்கிவிட்ட ஜிஎஸ்டி: அபராதம் வரும் முன் சரிசெய்யும் வரிசை

குமுளி, கம்பம், செங்கோட்டை, ஆரியங்காவு, களியக்காவிளை, கொழிஞ்சாம்பாறை என்று எல்லையை ஒட்டிக் கடையோ லாட்ஜோ நடத்துகிறவர்களுக்கும், அவர்களுக்குக் கணக்கு எழுதுகிறவர்களுக்கும் இந்த வழிகாட்டி. வாடிக்கையாளரிடம் வாங்க வேண்டியதைவிடக் கூடுதலாக ஜிஎஸ்டி வாங்கிவிட்டது தெரியவந்தால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதுதான் இதில் இருக்கிறது.

இந்தத் தவறில் வரிசை மாறினால் பணம் இரண்டு முறை போகும். பதறிப்போய் வாடிக்கையாளருக்குக் கல்லாவிலிருந்து காசை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பில் மட்டும் பழைய தொகையிலேயே நிற்கும். பிறகு அதிகாரி அந்த பில்லைக் காட்டி அதே பணத்தை அரசுக்குக் கட்டச் சொல்வார். சட்டம் பார்ப்பது பில்லைத்தான். அதில் வரி என்று எழுதி வாங்கிய தொகை, சரியான வரியோ தவறான வரியோ, அரசுக்குப் போயாக வேண்டும் என்பது மத்திய ஜிஎஸ்டி சட்டம் 2017, பிரிவு 76. விற்ற பொருளுக்கு வரியே கிடையாது என்றாலும் இதுதான் விதி.

1. முதலில் மேசையில் எடுத்து வைக்க வேண்டியவை

பதிவுச் சான்றிதழ். அதில் ரெகுலரா (வாடிக்கையாளரிடம் வரி வாங்கிக் கட்டும் வழக்கமான பதிவு) காம்போசிஷனா (வரி வாங்காமல், விற்பனையில் ஒரு சிறு விகிதத்தைத் தன் கையிலிருந்து கட்டும் திட்டம்) என்று பாருங்கள். "நாம ரெகுலர்தான்" என்று நினைத்துக்கொண்டிருக்கும் கடை காம்போசிஷனில் இருப்பதும் உண்டு, பதிவு ரத்தாகிக் கிடப்பதும் உண்டு. ஜிஎஸ்டி போர்ட்டலில் 15 இலக்கப் பதிவு எண்ணைப் போட்டுத் தேடினால் இன்றைய நிலை தெரியும்.

தவறு நடந்த காலத்தின் ஒவ்வொரு பில்லும், பில் மென்பொருளின் அந்நாளைய பேக்கப்பும். பொருள் பட்டியலில் ரேட் எந்தத் தேதியில் மாற்றப்பட்டது என்பதற்கு அந்தப் பேக்கப்தான் சாட்சி. பேக்கப் எடுக்காமல் ரேட்டைத் திருத்தினால் சில மென்பொருள்களில் பழைய பில்லை மறுபடி அச்சிடும்போது புதிய ரேட் ஏறிவிடும். வாடிக்கையாளர் கையில் ஒரு தொகை, உங்கள் கணினியில் வேறொரு தொகை என்றாகிவிட்டால் நேர்மையான தவறுகூட மோசடி மாதிரி தெரியும்.

அந்த மாதங்களின் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்), ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் சுருக்க ரிட்டர்ன்). வங்கிக் கணக்கு விவரமும் யுபிஐ வரவு விவரமும். பணத்தைத் திருப்ப வேண்டிய ஆளைக் கண்டுபிடிக்க யுபிஐ வரவுதான் பெரும்பாலும் ஒரே வழி.

2. ஒழுகலை அடையுங்கள்

கணக்குப் போட உட்காரும் முன் இன்று அடிக்கும் பில்லைச் சரிசெய்யுங்கள். தவறு தெரிந்த பிறகும் அதே ரேட்டில் ஒரு பில் அடித்தால், "தெரியாமல் நடந்தது" என்று சொல்ல இடமில்லாமல் போகும்.

இப்போது அடிக்கடி வரும் காரணம், 2025 செப்டம்பர் 22 முதல் அமலான ரேட் மாற்றம். அன்று முதல் 12%, 28% அடுக்குகளில் இருந்தவற்றில் பெரும்பகுதி 5%, 18% ஆகிவிட்டது. நெய், வெண்ணெய், பொதியில் அடைத்த மிக்சர், சேவு 12-லிருந்து 5. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், சோப்புக் கட்டி, ஷாம்பு, பற்பசை 18-லிருந்து 5. பள்ளி நோட்டு 12-லிருந்து பூஜ்யம். சிமென்ட் 28-லிருந்து 18. ஒருநாள் வாடகை 7,500 ரூபாய் வரையிலான லாட்ஜ் அறை 12-லிருந்து 5, உள்ளீட்டு வரி வரவு (தான் வாங்கியவற்றுக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) இல்லாமல்.

பொருள் பட்டியலை மாற்றியவர்கள்கூட "பண்டிகை ஆஃபர்", "மொத்த விலை" என்று தனியாகப் போட்டுவைத்த விலைப் பட்டியல்களை மறந்துவிடுகிறார்கள். பழைய ரேட் அங்கே ஒளிந்திருக்கும். ஒவ்வொரு பட்டியலிலிருந்தும் ஒரு மாதிரி பில் அடித்துப் பாருங்கள்.

கேரளப் பக்கத்தில் இதே கதை முன்பும் நடந்தது. 2019 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31 வரை அங்கே 1% வெள்ள செஸ் இருந்தது. காலம் முடிந்தபின் மென்பொருளில் அந்த வரியை நீக்காத கடைகள் தொடர்ந்து வாங்கின. பழைய கணக்கைத் தோண்டும்போது 2021 ஆகஸ்ட் பில்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிரிவு 76-ன் கீழ் நோட்டீஸ் அனுப்ப இத்தனை ஆண்டுக்குள் என்ற கெடு சட்டத்தில் இல்லை.

இன்னும் இரண்டு இடங்களில் கூடுதல் வரி ஏறும். தள்ளுபடியைக் கழிக்கும் முன் வரி போடுவது ஒன்று. பில்லிலேயே காட்டிய தள்ளுபடியை விலையில் கழித்த பிறகுதான் வரி போட வேண்டும். எம்ஆர்பி மேல் வரி போடுவது மற்றொன்று. எம்ஆர்பி என்பதே எல்லா வரியும் சேர்ந்த விலை. 105 ரூபாய் எம்ஆர்பி, 5% பொருள் என்றால் அதற்குள்ளேயே 5 ரூபாய் வரி அடங்கியிருக்கிறது.

3. எந்த வகைத் தவறு என்று பிரியுங்கள்

இங்கே பிரிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பரிகாரம் வகைக்கு வகை வேறு.

முதல் வகை: கூடுதலாக வாங்கி, வாங்கியது முழுவதையும் அரசுக்குக் கட்டிவிட்டீர்கள். இதில் பிரிவு 76 பாயாது. பணம் உங்களிடம் இல்லை. வாடிக்கையாளருக்கு எப்படித் திருப்புவது என்பது மட்டும்தான் மீதி வேலை.

இரண்டாம் வகை: பில்லில் 12% வாங்கிவிட்டு, ரிட்டர்னில் "சரியான ரேட் 5%தானே" என்று 5% மட்டும் கட்டினீர்கள். வித்தியாசம் கடையில் நிற்கிறது. ஆபத்தானது இதுதான். ரிட்டர்ன் போடுகிறவர் புதிய ரேட்டில் போட, பில் அடிக்கிறவர் பழைய ரேட்டில் அடிக்க, இருவரும் பேசிக்கொள்ளாத கடைகளில் இது தானாக உருவாகும்.

மூன்றாம் வகை: வரி வாங்கவே உரிமை இல்லாதவர் வாங்கியது. காம்போசிஷன் கடை, பதிவில்லாத கடை, பதிவு ரத்தான கடை.

நான்காம் வகை: தொகை சரி, தலைப்பு தவறு. ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்கான மத்திய, மாநில ஜிஎஸ்டி போட வேண்டிய இடத்தில் மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஐஜிஎஸ்டி, அல்லது அதன் மறுபக்கம். எல்லைக் கடைகளுக்கு இது தனித் தலைவலி. 8-ஆம் பகுதியில் விரிவாக வருகிறது.

பொருளுக்கு எந்த ரேட் என்பதே வழக்கில் இருக்கும்போது, "பாதுகாப்புக்காக" அதிக ரேட்டில் வாங்கிக் குறைந்த ரேட்டில் கட்டிவிட்டு மீதியைத் தனிக் கணக்கில் வைத்துக்கொள்ளும் பழக்கம் ஒன்று உண்டு. பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தேங்காய் எண்ணெய் வியாபாரிகளுக்குச் சமையல் எண்ணெய்க்கு 5, தலை எண்ணெய்க்கு 18 என்றிருந்த காலத்தில் இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். சிறு பொதியில் வரும் சுத்தமான தேங்காய் எண்ணெயைச் சமையல் எண்ணெயாக வகைப்படுத்தலாம் என்று கலால் வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 18-இல்தான் சொன்னது. வழக்கில் வெற்றி யாருக்கு என்பது வேறு. வரி என்று வாங்கிய பணத்தை வைத்துக்கொள்ள எந்தத் தீர்ப்பும் அனுமதிக்காது. மேல்முறையீட்டு அதிகாரி, தீர்ப்பாயம், நீதிமன்றம் ஆகியவற்றின் எந்த உத்தரவில் எது இருந்தாலும் பணம் அரசுக்கு என்று தொடங்குவதுதான் பிரிவு 76.

4. தொகையைக் கணக்கிடுங்கள்: ஒரு குமுளி லாட்ஜ் பில்

குமுளியில் ஒரு லாட்ஜ் என்று வைத்துக்கொள்வோம். 2025 டிசம்பர், சபரிமலை சீசன். மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு அடித்த பில்லில் அறை வாடகை 2,000, மத்திய ஜிஎஸ்டி 6% 120, கேரள ஜிஎஸ்டி 6% 120, மொத்தம் 2,240. சரியான பில் 2,000, 50, 50, மொத்தம் 2,100. ஓர் இரவுக்குக் கூடுதல் 140.

அந்த மாதம் அதே வாடகையில் 90 அறை இரவுகள் விற்றிருந்தால், வாங்கிய வரி 21,600. வாங்க வேண்டியது 9,000. கூடுதல் 12,600. இதை மத்திய ஜிஎஸ்டி 6,300, மாநில ஜிஎஸ்டி 6,300 என்று பிரித்தே எழுதுங்கள். இவை இரண்டு தனிச் சட்டங்கள். கட்டுவதும் அபராதமும் தனித்தனிதான்.

வட்டியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வழக்கமான தாமத வரிக்கு வட்டி கெடு தேதியிலிருந்து ஓடும். பிரிவு 76-இல் வரும் தொகைக்கு வட்டி, பணத்தை வாடிக்கையாளரிடம் வாங்கிய நாளிலிருந்து ஓடுகிறது. விகிதம் ஆண்டுக்கு 18%. டிசம்பர் 10-இல் வாங்கிய 140 ரூபாயை மார்ச் 20-இல் கட்டினால் 100 நாள் வட்டி 6 ரூபாய் 90 காசு. எல்லா பில்லுக்கும் சராசரி 100 நாள் என்று வைத்தால் 12,600-க்கு சுமார் 621 ரூபாய். அபராதத்தோடு ஒப்பிட்டால் வட்டி சிறியது. ஆனால் வட்டியைக் குறைத்துக் கட்டிய காரணத்துக்காகவே கோப்பு மூடப்படாமல் கிடக்கும்.

பில் எண், தேதி, வாங்கிய வரி, சரியான வரி, வித்தியாசம், நாள், வட்டி என்று ஏழு பத்தியில் ஒரு பட்டியல் போடுங்கள். பின்னால் அத்தனை படிகளுக்கும் இந்த ஒரு தாள்தான் இணைப்பு.

5. அபராதம் எவ்வளவு வரும்

பிரிவு 76-இல், கட்டாத தொகைக்குச் சமமான அபராதம் கேட்டு நோட்டீஸ் வரலாம். மேலே உள்ள லாட்ஜுக்கு 12,600.

பிரிவு 122 வேறு கணக்கு. வரி என்று வாங்கிக் கெடு தேதியிலிருந்து மூன்று மாதம் தாண்டியும் கட்டாமல் இருந்தால், 10,000 ரூபாய் அல்லது அந்த வரித்தொகை, எது அதிகமோ அது. டிசம்பர் மாத ரிட்டர்னுக்குக் கெடு ஜனவரி 20 என்றால், மூன்று மாதம் ஏப்ரல் 20-இல் முடிகிறது. சிறிய கடைகளுக்கு இங்கேதான் அடி. மத்தியச் சட்டத்தில் 6,300-ஐவிட 10,000 அதிகம், எனவே 10,000. மாநிலச் சட்டத்திலும் அப்படியே 10,000. ஆக 12,600 ரூபாய்த் தவறுக்கு 20,000 அபராதம். தவறு ஆயிரம் ரூபாயாக இருந்தாலும் இதே 20,000தான்.

இதற்கு மேல், வாங்கிய வரியை முப்பது நாள் தாண்டிக் கட்டினால் 10% அல்லது 10,000 என்று பிரிவு 73-இலும், 2024–25 முதலான ஆண்டுகளுக்குப் பிரிவு 74ஏ-யிலும் ஓர் அபராதம் இருக்கிறது. எந்தப் பிரிவில் கேட்கிறார்கள் என்பதை நோட்டீசில் முதலில் தேடிப் பாருங்கள். 73, 74, 74ஏ ஆகியவற்றில் அபராதம் போட்டுவிட்டால், அதே செயலுக்கு வேறு பிரிவில் மறுபடி போடக்கூடாது என்று பிரிவு 75(13) சொல்கிறது. இதைச் சுட்டிக்காட்டாமல் விடுகிறவர்கள் அதிகம்.

சிறை என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. பிரிவு 132-இல் வாங்கிய வரியைக் கட்டாததற்குச் சிறைத்தண்டனை இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் போனால்தான்.

6. அரசுக்குக் கட்டுங்கள்

இரண்டாம், மூன்றாம் வகைக்காரர்களுக்கு மட்டும் இந்தப் படி. முதல் வகைக்காரர்கள் நேராக அடுத்ததற்குப் போகலாம்.

அந்த மாத ரிட்டர்ன் இன்னும் போடவில்லை என்றால் வேலை எளிது. பில்லில் இருக்கும் ரேட்டிலேயே ஜிஎஸ்டிஆர்-1-இல் காட்டி, முழுவதையும் 3பி-யில் கட்டுங்கள். "ரேட் தவறு, அதனால் சரியான ரேட்டில் காட்டுகிறேன்" என்று பில்லுக்கு மாறாகக் காட்டுவதுதான் இரண்டாம் வகைத் தவறை உண்டாக்குகிறது.

ஜிஎஸ்டிஆர்-1 போட்டாகிவிட்டது, 3பி இன்னும் போடவில்லை என்றால் இடையில் ஜிஎஸ்டிஆர்-1ஏ இருக்கிறது. அதில் திருத்தலாம். இரண்டுமே போய்விட்டது என்றால், அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1-இன் திருத்த அட்டவணையில் காட்டி வட்டியோடு கட்டலாம், அல்லது டிஆர்சி-03 என்ற போர்ட்டல் படிவம் வழியாகத் தானாக முன்வந்து செலுத்தலாம். பழைய ஆண்டுத் தவறு என்றால் டிஆர்சி-03தான் சுத்தமான வழி.

டிஆர்சி-03-இல் காரணம் கேட்கும் இடத்தில் தானாக முன்வந்து செலுத்துவது என்பதைத் தேர்ந்து, ஏழு பத்திப் பட்டியலை இணையுங்கள். எந்த மாதம், எந்தத் தலைப்பு என்பதைச் சரியாக நிரப்புங்கள். மத்திய ஜிஎஸ்டியில் கட்ட வேண்டியதை ஐஜிஎஸ்டியில் கட்டிவிட்டால் பழைய கடன் அப்படியே நிற்கும். வட்டியும் அபராதமும் ரொக்கக் கணக்கிலிருந்துதான் போகும், உள்ளீட்டு வரி வரவிலிருந்து போகாது. எனவே சலானில் பணம் ஏற்றிக்கொண்டு தொடங்குங்கள். முடிந்ததும் வரும் டிஆர்சி-04 ஒப்புகையைப் பதிவிறக்கி வையுங்கள்.

நோட்டீசுக்கு முன்பே கட்டிவிடுவது ஏன் இவ்வளவு முக்கியம்? கட்ட வேண்டிய தொகை "கட்டப்படாமல் இருந்தால்" நோட்டீஸ் அனுப்பலாம் என்பதுதான் பிரிவு 76(2). வட்டியோடு கட்டியாகிவிட்டால் அந்த நோட்டீசுக்குக் காலூன்ற இடம் கிடையாது.

7. வாடிக்கையாளருக்குத் திருப்புங்கள்: கிரெடிட் நோட்

அரசுக்குப் போன கூடுதல் வரியைத் திரும்ப எடுத்து வாடிக்கையாளரிடம் சேர்க்கச் சட்டம் தரும் கதவு பிரிவு 34, அதாவது கிரெடிட் நோட் (பழைய பில்லின் தொகையைக் குறைத்து எழுதிக் கொடுக்கும் சீட்டு). பில்லில் போட்ட வரி, போட வேண்டிய வரியைவிட அதிகம் என்பதே கிரெடிட் நோட் போடப் போதுமான காரணம்.

கெடு உண்டு. 2025–26 ஆண்டின் பில்லுக்கான கிரெடிட் நோட்டை 2026 நவம்பர் 30-க்குள், அல்லது ஆண்டு ரிட்டர்ன் போடும் நாளுக்குள், எது முந்துகிறதோ அதற்குள் ரிட்டர்னில் காட்ட வேண்டும். ஆண்டு ரிட்டர்னை முதலில் போட்டுவிட்டு "நவம்பர்வரை நேரம் இருக்கே" என்று இருப்பவர்கள் அந்தக் கதவைத் தாங்களே சாத்திக்கொள்கிறார்கள்.

சாதாரண வாடிக்கையாளராக இருந்தால் வரிசை இது. பழைய பில் எண்ணைக் குறிப்பிட்டுக் கிரெடிட் நோட் எழுதுங்கள். அதே யுபிஐக்கோ வங்கிக் கணக்குக்கோ 140 ரூபாயைத் திருப்பி அனுப்புங்கள். அந்தப் பரிவர்த்தனை எண்ணைக் கிரெடிட் நோட்டில் எழுதுங்கள். பிறகுதான் ரிட்டர்னில் வரியைக் குறையுங்கள். பணம் திரும்பிப் போனதற்கு ஆதாரம் இல்லாமல் வரியைக் குறைக்க முடியாது. வரிச்சுமையை வேறொருவர் தலையில் ஏற்றியிருந்தால் குறைப்பு இல்லை என்று அதே பிரிவு சொல்கிறது. ரொக்கமாகக் கொடுத்தால் பெயர், கைபேசி எண், கையெழுத்துடன் ரசீது வாங்குங்கள்.

வாங்கியவர் பதிவு பெற்ற வியாபாரியாக இருந்தால், அவர் ஏற்கெனவே அந்த வரியை வரவு எடுத்திருப்பார். அவர் அதைத் திருப்பி எழுதினால்தான் உங்களுக்குக் குறைப்பு. போர்ட்டலின் இன்வாய்ஸ் மேலாண்மைப் பகுதியில் உங்கள் கிரெடிட் நோட்டை அவர் நிராகரித்துவிட்டால் அந்தத் தொகை மறுபடி உங்கள் தலையில் ஏறும். கிரெடிட் நோட்டைப் பதிவேற்றும் முன் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். கம்பத்துக் கடைக்காரரும் அவரிடம் வாங்கும் வண்டிப்பெரியாறு கடைக்காரரும் இரண்டு நிமிடம் பேசினால் முடியும் வேலை, பேசாமல் விட்டால் இரண்டு ரிட்டர்னில் இழுக்கும்.

ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாத பில்கள் இருக்கும். அவற்றின் கூடுதல் வரி அரசிடமே இருக்கட்டும். அதை உங்கள் பெயரில் ரீஃபண்ட் கேட்காதீர்கள். சுமையைத் தாங்கியவருக்குத்தான் ரீஃபண்ட், இல்லையென்றால் நுகர்வோர் நல நிதிக்கு. எத்தனை பேரைத் தொடர்புகொள்ள முயன்றீர்கள் என்ற குறிப்பை மட்டும் கோப்பில் வையுங்கள்.

8. எல்லைத் தவறு: எந்த மாநில வரி

எல்லைக் கடைகளில் அதிகம் குழம்புவது இங்கேதான். பதிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாடு 33, கேரளம் 32, ஆந்திரம் 37. வாடிக்கையாளரின் ஊரை வைத்து வரியைத் தீர்மானிக்கக்கூடாது.

லாட்ஜ் அறைக்கு விதி எளிது. கட்டடம் எங்கே இருக்கிறதோ அந்த மாநிலம். சென்னை நிறுவனம் குமுளியில் அறை எடுத்தாலும் மத்திய ஜிஎஸ்டியும் கேரள ஜிஎஸ்டியும்தான். "நாங்க 33-ல இருக்கோம், ஐஜிஎஸ்டி போட்டுக் கொடுங்க" என்று அந்த நிறுவனத்துக் கணக்கர் கேட்பார். கேட்டதற்காகப் போட்டால் தவறான தலைப்பு உங்கள் பொறுப்பு.

பொருளுக்கு, சரக்கு எங்கே போய்ச் சேர்கிறதோ அந்த மாநிலம். செங்கோட்டைக் கடையிலிருந்து புனலூர்க் கடைக்கு லாரியில் அனுப்பினால் ஐஜிஎஸ்டி. பதிவில்லாத சாதாரண வாடிக்கையாளருக்கு 2023 அக்டோபர் 1 முதல் ஒரு தனி விதி: பில்லில் அவருடைய முகவரி எழுதப்பட்டிருந்தால் அந்த முகவரியின் மாநிலம், எழுதப்படவில்லை என்றால் கடை இருக்கும் மாநிலம். மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலே முகவரி எழுதியதாகக் கணக்கு. ஆகவே ஆரியங்காவிலிருந்து செங்கோட்டைக்கு வந்து மிக்சி வாங்குகிறவரின் கேரள முகவரியை பில்லில் எழுதிவிட்டுத் தமிழ்நாட்டு வரி போட்டால் பில்லே உங்களுக்கு எதிரான சாட்சி. முகவரியை நிரப்பும்போது வரியும் தானாக மாறும்படி மென்பொருளில் அமைத்திருக்கிறதா என்று சோதியுங்கள்.

தலைப்பு மாறிவிட்டால் வரிசை: முதலில் சரியான தலைப்பில் முழு வரியையும் கட்டுங்கள். பிறகு தவறான தலைப்பில் கட்டியதை ரீஃபண்ட் கேளுங்கள். இரண்டாவதை முதலில் செய்ய முடியாது. பிரிவு 77-உம் ஐஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 19-உம் இதற்கு வட்டி கேட்பதில்லை. ஆர்எஃப்டி-01 படிவத்தில், சரியான தலைப்பில் கட்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கேட்கலாம். அதிகாரி கண்டுபிடித்தால்தான் பொருந்தும் என்று சிலர் சொல்வார்கள். நீங்களே கண்டுபிடித்தாலும் பொருந்தும் என்று 2021 செப்டம்பர் 25 தேதியிட்ட 162-ஆம் எண் சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. விண்ணப்பத்தில் அதன் எண்ணைக் குறிப்பிடுங்கள்.

வாங்கியவர் கேரள வியாபாரியாக இருந்தால் அவருக்குப் பழைய பில்லால் பயனில்லை. தமிழ்நாட்டு ஜிஎஸ்டியை அவர் கேரளத்தில் வரவு எடுக்க முடியாது. கிரெடிட் நோட் போட்டுப் புதிய பில் கொடுங்கள்.

9. காம்போசிஷனும் பதிவில்லாத கடையும்

காம்போசிஷன் கடை வாடிக்கையாளரிடம் ஒரு ரூபாய்கூட வரி வாங்கக்கூடாது. 1% வரியைத் தன் லாபத்திலிருந்து கட்ட வேண்டும், உணவகமானால் 5%. கொடுக்க வேண்டியது வரி இன்வாய்ஸ் அல்ல, பில் ஆஃப் சப்ளை. வரி வசூலிக்கத் தகுதியில்லாத காம்போசிஷன் வியாபாரி என்ற வாசகம் அதன் தலையில் இருக்க வேண்டும். வேறு கடையிலிருந்து இரவல் வாங்கிய பில் புத்தகமோ பழைய மென்பொருளோ "ஜிஎஸ்டி 5%" என்று அச்சிட்டுக்கொண்டிருப்பதைப் பல மாதம் கழித்துத்தான் பார்க்கிறார்கள்.

பார்த்தவுடன், அப்படி வாங்கிய முழுத் தொகையையும் டிஆர்சி-03-இல் கட்டுங்கள். காம்போசிஷன் கடையின் காலாண்டுப் படிவமான சிஎம்பி-08-இல் வழக்கமாகக் கட்டும் 1% இதற்கு ஈடாகாது. அது உங்கள் வரி, இது வாடிக்கையாளர் பணம்.

எல்லையில் இன்னொரு கண்ணி: காம்போசிஷன் வியாபாரி மாநிலம் தாண்டி விற்கவே கூடாது. கம்பத்திலிருந்து குமுளிக்கு ஒரு பார்சல் அனுப்பினாலும் திட்டத்துக்கான தகுதி போகும். எல்லைக்கு அப்பால் வாடிக்கையாளர்கள் இருந்தால் ரெகுலருக்கு மாறிவிடுவதே நிம்மதி.

பதிவில்லாதவர் வரி என்ற பெயரில் எதையும் வாங்கக்கூடாது என்பது பிரிவு 32. தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் மூன்றிலும் பொருள் விற்பனைக்கு 40 லட்சம் வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. ஆனால் மாநிலம் தாண்டிப் பொருள் விற்றால் அந்த வரம்பு கைகொடுக்காது.

10. நோட்டீஸ் வந்தால்

தபாலில் வரும் என்று காத்திருக்காதீர்கள். போர்ட்டலில் கூடுதல் நோட்டீஸ்கள் என்ற தனிப் பகுதியில் டிஆர்சி-01 கிடக்கும். வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

பதில் டிஆர்சி-06-இல். ஏழு பத்திப் பட்டியல், கட்டிய சலான், டிஆர்சி-03, திருப்பிக் கொடுத்த ஆதாரம், இவ்வளவும் இணைப்பு. நேரில் கேட்கப்பட வேண்டும் என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். பிரிவு 76-இல் எழுத்தில் கேட்டவருக்குத்தான் விசாரணை வாய்ப்பு. படிவத்தில் உள்ள அந்தச் சின்னக் கட்டத்தைத் தேர்ந்தெடுக்காமல் விட்டு, பிறகு "எங்களைக் கூப்பிடவே இல்லை" என்பதில் பயனில்லை.

நோட்டீஸ் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் உத்தரவு வர வேண்டும். நீதிமன்றம் தடை விதித்திருந்தால் அந்தக் காலத்தைக் கழித்துப் பாருங்கள். உத்தரவு தவறு என்று நினைத்தால் மூன்று மாதத்துக்குள் ஏபிஎல்-01-இல் மேல்முறையீடு.

பில், பட்டியல், ஒப்புகை அனைத்தையும் அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருங்கள். சூடுபட்டால் அழியும் தாளில் அச்சான பில்லை ஆறு மாதத்துக்குள் நகலெடுத்துவிடுங்கள்.

11. பில் உங்கள் கையில் இருந்தால்

வாங்கியவர் பக்கம் சுருக்கமாக. பில்லில் உள்ள எண்ணைப் போர்ட்டலில் தேடுங்கள். காம்போசிஷன் என்றோ ரத்து என்றோ வந்தால் வரி கொடுக்க வேண்டியதில்லை. முதலில் கடையில் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீரும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. துறையில் புகார் கொடுப்பதானால் கடை பதிவான மாநிலத்தில்தான் கொடுக்க வேண்டும். குமுளிக் கடை மீது தேனியில் கொடுத்தால் எடுபடாது.

கடைக்காரர் அரசுக்குக் கட்டிவிட்ட கூடுதல் வரியை, சுமையைத் தாங்கியவர் என்ற முறையில் நீங்களே ரீஃபண்ட் கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் 1,000 ரூபாய்க்குக் குறைந்த தொகைக்கு ரீஃபண்ட் கிடையாது. 140 ரூபாய்க்கு லாட்ஜ்காரரின் கிரெடிட் நோட்தான் வழி. அதனால் பில்லைத் தொலைக்காமல், பணம் கட்டிய யுபிஐ எண்ணோடு வைத்திருங்கள்.